நாலாம் நம்பர் ரெகுலேற்றர்

2025 மார்ச் 8, சனி

நாலாம் நம்பர் இன்றைக்கும் தண்ணீர் தந்தது. கல்லடிக்கு நேரே கடலில், வெறும் பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில். வாயில் கடித்து மூச்சை இழுத்தால் சிலிண்டர்க் காற்றோடு ஒரு மிடறு உப்பும் சேர்ந்து வருகிறது. இருமிக்கொண்டே மேலே வந்து, வள்ளத்தில் ஏறுவதற்கு முன்பே கத்தினேன். நிலோஜன் அண்ணா அதை வாங்கி, வாயில் வைத்து இரண்டு தரம் ஊதிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இரிக்கி?"

வள்ளத்தில் இருந்தபடி மூச்சு விடுவதற்கு ரெகுலேற்றர் எதற்கு? மூக்கே போதுமே. கேட்டேன். சிரித்தார். அவருக்கு நான் எப்போதும் ஒரு சிரிப்புத்தான்.

அவருடைய சுழியோடும் கடையில் எனக்கு இது ஆறாவது வருடம். வருகிறவர்களுக்குப் பவளப்பாறை காட்டி, பத்திரமாகக் கரையேற்றிவிடுவது என் வேலை. மே 4ஆம் திகதி வரப்போகும் நாலு பேருக்குப் பாறை வேண்டாமாம், பெரிய கப்பல் வேண்டுமாம். உலகப்போரில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல். ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. வழிகாட்ட மேனுகாதான், அதாவது நான்தான், போவேன் என்று அண்ணா பெப்ரவரியிலேயே சொல்லிவிட்டார். இந்தக் கடையிலிருந்து ஒரு பெண் அந்தக் கப்பலுக்குப் போனதில்லை. போன வருடம் அதற்கென்றே ஆழத்துக்கான படிப்பை முடித்தேன். முதுகில் இரண்டு சிலிண்டர், பக்கத்தில் ஒரு ஒட்சிசன் போத்தல், ஏறி வரும்போது இடையிடையே நின்று நின்று வரவேண்டும். அங்கே ரெகுலேற்றர் தண்ணீர் தந்தால் இன்றைக்குப் போல இருமிக்கொண்டு ஓடிவர முடியாது. ஓடிவந்தால் இரத்தத்தில் குமிழி.

கப்பலுக்குப் போவேன். நாலாம் நம்பரைக் கடித்துக்கொண்டு போகமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா கேட்டார், "அப்ப போகாமலே இரன் புள்ள?"

இல்லை.

மார்ச் 15, சனி

ஒரு கிழமையாக ரெகுலேற்றர்களைப் பற்றி வாசிக்கிறேன். கண் எரிகிறது. எழுதுகிறவர்கள் எல்லோரும் பனி உறைந்த ஏரிக்குள் இறங்குகிறார்கள். குளிரில் உறையாமல் இருக்குமா என்பதுதான் அவர்களுடைய கவலை. என் கடல் இருபத்தொன்பது பாகை. உறைய வேண்டுமானால் நாங்கள் ஐஸ் கொம்பனிக்குத்தான் போகவேண்டும்.

என் கவலைகளை எவரும் எழுதவில்லை. ஒக்டோபரில் கட்டி வைத்த சாமானை மார்ச்சில்தான் எடுக்கிறோம். அந்த ஐந்து மாதமும் வாவிக்காற்றும் மழையும் உப்பும் அதற்குள் என்ன செய்யும்? தெருவில் எழும்பும் மணல்? கழுவுகிற கிணற்றுத் தண்ணீரே உப்புச் சவர் என்றால்? முக்கியமாக — பழுதானால் யார் திறப்பது? மட்டக்களப்பில் எவரும் திறக்க முடியாத ரெகுலேற்றர் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தால் எனக்கென்ன?

முடிவு இது. சிலிண்டரில் பூட்டும் உலோகப் பாகத்தைக் கடையில் "தலை" என்போம். அந்தத் தலை மூடிய வகையாக இருக்கவேண்டும். கடல்நீர் உள்ளே ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. சிலிண்டரோடு திருகிப் பூட்டுவதாக இருக்கவேண்டும். கவ்விப் பிடிப்பது எங்காவது இடிபட்டால் நழுவும். ஆழத்திலும் சிலிண்டர் முடியும் தறுவாயிலும் ஒரே மாதிரி மூச்சுத் தரவேண்டும். ஒரே மாதிரியான இரண்டு தலை வேண்டும், ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தவேண்டும். உள்ளே பாகங்கள் குறைவாக, ரப்பர் வளையங்கள் லேசாகக் கிடைப்பதாக இருக்கவேண்டும்.

எல்லோரும் புகழ்கிற ஒன்று இருக்கிறது. பார்க்க அழகுதான். அதைத் திறக்கச் சிங்கப்பூருக்கு அனுப்பவேண்டுமாம். அது அங்கேயே இருக்கட்டும். நான் எடுப்பது பழைய மாதிரி, பதினைந்து வருடமாக மாறாத ஒன்று. அதில் புதிதாக எதுவும் இல்லை என்று ஒருவர் குறையாக எழுதியிருக்கிறார். அந்தக் குறைக்காகவே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

நோன்பு துறக்கும் நேரம் பார்த்துக் காத்தான்குடிக்கு ஹிதாயா வீட்டுக்குப் போனேன். கஞ்சிக்காகத்தான் போனேன் என்று அவள் சொல்வாள், அதுவும் உண்மைதான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவள். இப்போது அங்கேயே ஆய்வுகூடத்தில் வேலை. கடலில் முழங்கால்கூட நனைக்காதவள். ஆனாலும் போன வருடம் சித்திரையில் ரெகுலேற்றர் திருத்தும் வகுப்புக்கு அவளைக் கொழும்புக்கு இழுத்துக்கொண்டு போனேன், ஏனென்றால் சின்ன ஸ்பிரிங்கைக் கண்டால் எனக்குக் கை ஓடாது. நான் சான்றிதழோடு வந்தேன், அவள் தொழிலோடு வந்தாள்.

"இஷாம் பெருநாளைக்கு வாறார். டோஹாவில ரெண்டு தலையும் எடுத்து வரச் சொல்றன்" என்றாள். இஷாம் அவளுடைய கணவர், அங்கேதான் வேலை. "ரப்பர்ப் பொதி மூணா எடுக்கச் சொல்றன். அந்த நாலாம் நம்பருக்கும் ஒண்டு."

"அதுக்கு எதுக்கு? அது கடலுக்குள்ள போகட்டும்."

"சாமான் என்ன பாவம் செஞ்ச, மேனு? அதத் தொறந்து எத்தின வருசம் எண்டு கேட்டியா?"

கேட்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஊருக்குள் எந்தச் செய்தி நிற்கும்? நான் சொந்தச் சாமான் எடுப்பது நிலோஜன் அண்ணாவின் காதுக்குப் போய்விட்டது.

"கடைச் சாமான் உனக்கு ஆகாதோ?"

"ஆகாது அண்ணா."

"வழிகாட்டுறவளே கடைச் சாமானப் போடல்ல எண்டா, வாறவங்க என்ன நினைப்பாங்க?"

அது நியாயமான கேள்விதான். பதிலும் நியாயமானது: சரியாகத்தான் நினைப்பார்கள். அதைச் சொல்லவில்லை, விழுங்கிவிட்டேன். விழுங்கியதற்கு இப்போது என்மீதே கோபம்.

"உனக்குப் பயம் வந்திட்டு. அதச் சொல்லு. சொன்னா நான் வேற ஆள் பாக்கன்."

பயமா? எனக்கா? ஆறு வருடமாக இவருடைய ஓட்டை வள்ளத்தில் போய் வருகிறவளுக்கா?

மார்ச் 29, சனி

ஓம், பயம்தான். நாலாம் நம்பருக்குப் பயம். கடலுக்கு இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைக்கிற ஆளோடு என்ன பேசுவது.

ஏப்ரல் 4, வெள்ளி

இஷாம் கொண்டுவந்துவிட்டார். பேரீச்சம்பழப் பெட்டிக்குள் இரண்டு தலையும். கையில் எடுத்தால் நல்ல பாரம். வாய்ப்பாகத்தை மேசையில் வைத்துக் கால்மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பார்த்து, "இதுக்கா இவ்வளவும்?" என்றார்.

அண்ணா இறங்கி வந்தார், பாதி. "சரி, முதுகுக்கு உன்ட சாமானப் போடு. பக்கத்து ஒட்சிசன் போத்தலுக்குக் கடைச் சாமான்தான். நாலாம் நம்பர் சும்மாதானே கிடக்கு."

ஒட்சிசன் போத்தல் கடைசித் தரிப்புக்கு, ஆறு மீற்றரில். அங்கே அது பழுதானால் முதுகுக் காற்றுக்கு மாறிக்கொள்ளலாம். அதனால் ஒத்துக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு: ஹிதாயா திறந்து பார்த்த பிறகுதான்.

"திறக்கட்டும், திறக்கட்டும். உள்ளுக்கு என்ன, புதையலா இரிக்கி?"

ஏப்ரல் 11, வெள்ளி

எப்படி எழுதுவது. இருந்ததை இருந்தபடி எழுதுகிறேன்.

ஹிதாயாவின் மாமனாருடைய நகைக்கடையில், பின்னறை. அங்கே காப்புகளையும் சங்கிலிகளையும் போட்டு அழுக்கெடுக்கும் அதிர்வுத் தொட்டி இருக்கிறது. ரெகுலேற்றர்ப் பாகங்களையும் அவள் அதில்தான் கழுவுவாள். நாலாம் நம்பரின் வாய்ப்பாகத்தை முதலில் திறந்தாள். மூச்சு வெளியேறும் ரப்பர் கிழிந்திருந்தது, அவ்வளவுதான் தண்ணீருக்குக் காரணம். இரண்டு நிமிட வேலை. பிறகு தலையின் தூசி மூடியைக் கழற்றினாள்.

"மேனு, இதென்ன மஞ்சளா இரிக்கி?"

சிலிண்டரிலிருந்து காற்று நுழையும் வாயில், தூசு பிடிக்கும் வடிகட்டியின் மேல், காய்ந்த மஞ்சள். நடுவில் சிவப்பு. விரலால் தொட்டால் பிசுபிசு. மோந்து பார்க்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும். சந்தனம், குங்குமம், தேங்காய் எண்ணெய்.

நான்தான். நான், இந்தக் கையால்.

போன ஒக்டோபரில் ஆயுத பூசை. மாரிமழை வருகிறது, சாமான்களை எல்லாம் கட்டி வைக்கிற நாளும் அதுதான். எஞ்சினுக்கு எண்ணெய் பூசினோம், நங்கூரத்துக்குப் பூசினோம், கத்திகளுக்கும். அண்ணா, "ரெகுலேற்றருக்கும் பூசு புள்ள, கறள் பிடிக்காது" என்றார். கடையில் இருந்த பதினொன்றையும் வாழையிலையில் வரிசையாக வைத்தேன். கறுப்பு ரப்பர் மூடிகள் அசிங்கமாகத் தெரிந்தன, கழற்றினேன். உள்ளே வெள்ளி நிறத்தில் வட்டமாக ஒரு இடம். பொட்டு வைப்பதற்கென்றே செய்தது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் அளந்து வைத்தேன். படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். நாற்பது பேருக்குப் பிடித்திருந்தது. பூசை முடிந்ததும் மூடிகளைத் திரும்பப் போட்டுவிட்டேன். மார்ச்சில் எடுத்துப் பூட்டியபோதும் கண்ணில் பட்டிருக்கும், பூசைப் பொட்டுத்தானே என்று கை தாண்டிப் போயிருக்கிறது.

எண்ணெய் பட்ட இடத்தில் அமுக்கிய ஒட்சிசன் பாய்ந்தால் தானாகவே தீப்பற்றும். நெருப்புக்குச்சி தேவையில்லை. இது எனக்குத் தெரியாததா? படித்தேன். சோதனையில் எழுதிச் சரியும் வாங்கினேன். பூசை அன்று அது நினைவுக்கே வரவில்லை. பாடம் ஒரு அறையில், பூசை வேறொரு அறையில்.

ஹிதாயா ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஏப்ரல் 12, சனி

பதினொன்று. பதினொன்றுக்கும் நான்தான் வைத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புதுவருடம். மருத்துநீர் வைத்து முழுகினேன். அண்ணா வீட்டுக்கு வருடாவருடம் போவேன், இந்த வருடம் போகவில்லை. நாள் பார்த்துச் சொல்ல இது நல்ல செய்தி இல்லை. ஆனால் சொல்லத்தான் போகிறேன்.

ஏப்ரல் 16, புதன்

சொன்னேன். மற்ற வழிகாட்டி தனோஜனும் பக்கத்தில் நின்றான். அண்ணா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"சாமிக்கு வச்ச பொட்டால நெருப்புப் பத்துமா?"

"சாமிக்கு வைக்கல்ல அண்ணா. காத்து வாற வாயில வச்சிரிக்கன்."

"வச்சது ஆரு?"

"நான்தான்."

"அப்ப உன்ட பிழை. உன்ட பிழைய மறைக்க என்ட பூசையப் பிழை சொல்லுற. இவ்வளவு காலமும் பூசை செஞ்ச கடை இது. ஒண்டும் நடக்கல்ல."

இவ்வளவு காலமும் இந்தக் கடையில் ஒட்சிசன் போத்தலே இருக்கவில்லை! போன ஆவணியில்தான் வாங்கினார். அதைச் சொன்னேன். காதில் ஏறவில்லை. பிழை என்னுடையது என்று ஒத்துக்கொண்டதும், அவர் அதையே பிடித்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாமல் விட்டிருக்கலாமோ? இல்லை. என் பிழை என் பிழைதான். ஆனால் என் பிழை என்பதால் எண்ணெய் பற்றாமல் விடுமா?

கடைசியில் சொன்னார்: "நீ வரவேணாம். மேயில தனோஜன் போவான்."

கப்பல் போய்விட்டது. ஒரு வருடம் அதற்காகவே ஓடினேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நின்று அழுதேன், பிறகு முகம் கழுவினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தனோஜன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "அக்கா, நாலாம் நம்பர வாங்கிட்டு வரச் சொன்னார்."

"ஆர் அதுல மூச்செடுக்கப் போற?"

"...நான்தான்."

"அப்ப தரமாட்டன்."

"களவுக் கேஸ் போடுவன் எண்டு சொல்லுறார் அக்கா."

"போடச் சொல்லு! பொலிசில வச்சே திறந்து காட்டுறன். நான் வச்ச பொட்டு எண்டும் எழுதிக் குடுக்கன்."

தனோஜன் போகவில்லை. செருப்பைக் கழற்றாமலே நின்றான். "மெய்யாவே பத்துமா அக்கா?" என்று கேட்டான். இருபத்தாறு வயது, அடுத்த மாதம் களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் கல்யாணம். அழைப்பிதழ் கொடுக்க இரண்டு நாளுக்கு முன்தான் வந்திருந்தான்.

என்னைக் கப்பலுக்கு அனுப்பாவிட்டால் போகட்டும். இவனை அதைக் கடிக்க விடமாட்டேன். கடைசி வரைக்கும் விடமாட்டேன்.

ஏப்ரல் 26, சனி

காலை ஆறு மணிக்குக் கடைக்குப் போனேன். என்னிடம் இன்னும் கடைப் பூட்டின் திறப்பு இருக்கிறது, அதைத் திருப்பிக் கேட்க அண்ணாவுக்குத் தோன்றவில்லை. தனோஜனும் வந்தான். அம்மாவின் பழைய வெள்ளைச் சேலையைப் பதினொரு துண்டாகக் கிழித்துக் கொண்டுபோயிருந்தேன். அதில் ஒரு துண்டு ஏற்கெனவே நாலாம் நம்பரைத் துடைத்தது. மற்றப் பத்துத் தலையின் மூடியையும் கழற்றி, ஒவ்வொன்றின் வாயையும் ஒவ்வொரு துண்டால் துடைத்தோம். துண்டுகளை வரவேற்பு மேசையில் இலக்கப்படி விரித்து வைத்தோம்.

எல்லாவற்றிலும் மஞ்சள். சுற்றிவர எண்ணெய் ஊறிய வளையம்.

ஏழரைக்கு அண்ணா வந்தார். அவர் ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டு போனார். ஏழாவதைக் கையில் எடுத்தார். ஏழாம் நம்பர் அவருடையது, அவர் மட்டும் பாவிப்பது. விரலால் தேய்த்தார், வெளியில் போனார்.

திரும்பி வந்து கேட்டார்: "எல்லாத்தையும் கழுவ எத்தின நாள் செல்லும்?"

"ஹிதாயா ரெண்டு கிழமை எண்டு சொன்னவ. நகைக்கடை வேலைக்கு இடையிலதான் செய்யணும்."

"அவங்க நாலாம் திகதி வாறாங்க. அவங்கட ஒட்சிசன் போத்தலுக்கும் இதுகள்தானே."

"அப்ப நாலாம் திகதி கப்பல் இல்ல."

இதை நான் சொல்லவில்லை. தனோஜன் சொன்னான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வருகிறவர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னார் அண்ணா. கடையில் ஆங்கிலம் எழுதுகிறவள் நான்தான். "எஞ்சின் பழுது எண்டு எழுது" என்றார்.

எஞ்சின் பழுதில்லை என்றேன்.

"வேற என்னண்டு எழுதுற?"

"நடந்ததை."

கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். "எழுது. என்ட கடை பேரையும் சேத்துக் கெடுத்திராத."

எழுதினேன். எண்ணெய், சந்தனம், குங்குமம், வைத்தது நான் என்பது, எப்படிக் கழுவுகிறோம் என்பது, எவர் கழுவுகிறார் என்பது. அவர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 30, புதன்

பதில் வந்தது. இரண்டு பேர் வரமாட்டார்கள். இரண்டு பேர் மே 24 வருகிறார்கள். கடைசியில் ஒரு கேள்வி: எங்களோடு இறங்கப்போவது யார்?

அண்ணாவிடம் வாசித்துக் காட்டினேன். போனை என் கையிலிருந்து வாங்கினார். ஒற்றை விரலால், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தானே தட்டினார். அனுப்பிய பிறகுதான் காட்டினார். இந்தக் கடிதத்தை எழுதியவள்தான் என்று இருந்தது.



மே 24, சனி

ஐம்பத்திரண்டு மீற்றர்.

கப்பலைப் பற்றி இன்றைக்கு எழுத முடியவில்லை. அது அவ்வளவு பெரிது. மூச்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: மேலே எப்படியோ கீழேயும் அப்படியே. இழுத்தேன், வந்தது. ஒரு தரம்கூட அதைப் பற்றி நினைக்கவில்லை. பனி ஏரிக்காரர்களே, நீங்கள் எழுதாமல் விட்டது இதுதான்.

ஏறும்போது ஆறு மீற்றரில் ஒட்சிசன். நாலாம் நம்பர். புதிய ரப்பர், கழுவிய தலை. மேலே வள்ளத்தில் வைத்து வால்வை நானே மெதுவாக, மிக மெதுவாகத் திறந்திருந்தேன். நாலாம் நம்பரைக் கடித்து இழுத்தேன்.

தண்ணீர் தரவில்லை. பதினெட்டு நிமிடம் அதோடு தொங்கினேன். ஹிதாயா சொன்னது சரி, சாமான் ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனாலும் அவளிடம் இதைச் சொல்லப்போவதில்லை, பிறகு அவளைப் பிடிக்க முடியாது.

ஒக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை.

எஞ்சினுக்கு எண்ணெய், நங்கூரத்துக்கு எண்ணெய், கத்திகளுக்கு எண்ணெய். ரெகுலேற்றர்கள் மூடி போட்டபடி தனித்தனிப் பிளாஸ்டிக் பெட்டிகளில், இலக்கப்படி. சந்தனக் கிண்ணத்தை அண்ணா என்னிடம் நீட்டினார்.

"எங்க வைக்கிற எண்டு நீயே சொல்லு."

பெட்டி மூடிகளில் வைத்தேன். பதினொன்றுக்கும், அளந்துதான். ஒட்சிசன் அறைக்குக் கற்பூரத்தட்டு வரக்கூடாது, வாசலோடு நிற்கவேண்டும் என்றேன். தனோஜனின் புது மனைவி விதுர்ஷா ஏன் என்று கேட்டாள். அவன் விளக்கினான், கொஞ்சம் கூட்டித்தான்.

பூசை முடிந்து பெட்டிகளை உள்ளே எடுத்துவைக்கும் நேரம். அண்ணா தேங்காய் உடைத்த கையோடு நாலாம் நம்பர்ப் பெட்டியிடம் வந்தார். குனிந்தவர் நின்றார். கிணற்றடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவி, துடைத்துக்கொண்டு வந்துதான் அதைத் தூக்கினார்.